தைமஸ் எடுத்த குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா?

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்குப் பத்து மாதம். பிறவியிலேயே ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற இதயக் கோளாறு. அழுதால் உதடு நீலமாகிவிடும். ஆறாவது மாதத்தில் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், தவழ்கிறான். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தைமஸ் அகற்றப்பட்டது’ என்று ஒரு வரி இருந்திருக்கிறது. தைமஸ் என்பது மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும், எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புள்ள ஓர் உறுப்பு. கணவர் செல்போனில் தேடி, தைமஸ் எடுத்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது, சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டுக் கலங்கிப் போயிருக்கிறார். ஒன்பதாம் மாத ஊசிக்குக் கிராம செவிலியர் கூப்பிட்டபோது, ‘உடம்பு தாங்காது’ என்று மாமியார் தடுத்துவிட்டார். ஊசி போடலாமா, எதிர்ப்புச் சக்திக்கு மருந்துக்கடை டானிக் கொடுக்கலாமா, நாலு பேர் கூடும் இடத்துக்குத் தூக்கிப் போகலாமா என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பையனுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. ஊசி போடத்தான் வேண்டும். அதில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் போடும் எம்ஆர் ஊசி ஒன்றை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். அதற்குள் ஒரு பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். டானிக் வேண்டாம்.

இனி காரணங்கள். குழந்தையின் மார்பெலும்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது இதயம் அல்ல, தைமஸ்தான். வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில், மெத்தென்று, இரண்டு மடலாக இதயத்தின் மேற்பகுதியையும் பெரிய இரத்தக் குழாய்களையும் மூடிக்கொண்டு கிடக்கும். கைக்குழந்தைக்கு அது உடம்பளவை வைத்துப் பார்த்தால் பெரிய உறுப்பு. அதை ஒதுக்காமல் இதயத்தை எட்ட முடியாது. அதனால் முழுதாகவோ பாதியாகவோ எடுப்பது உலகம் முழுக்க வழக்கம். உங்கள் மருத்துவர் செய்தது தவறு அல்ல. இப்போது சிலர் ஒரு பகுதியை விட்டுவைக்கிறார்கள். விட்ட பகுதி திரும்ப வளர்வதும் உண்டு. அடுத்த முறை எக்கோவுக்குப் போகும்போது ‘முழுதாக எடுத்தீர்களா, கொஞ்சம் விட்டீர்களா?’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த உறுப்பு எதற்கு என்பதே 1961 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த வருடம் ழாக் மில்லர் என்ற முப்பது வயது ஆராய்ச்சியாளர் இங்கிலாந்தில் எலிகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பிறந்த உடனேயே எலிக் குஞ்சுகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் அவை நன்றாகத்தான் இருந்தன. தாய்ப்பால் மறந்து சில வாரங்கள் ஆனதும் மெலிந்தன, முதுகு கூனியது, வயிற்றுப்போக்கு வந்தது, பல செத்தன. இரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. வேறு இன எலியின் தோலை எடுத்து ஒட்டினால், சாதாரண எலி அதைச் சில நாளில் உதறிவிடும். இவற்றின் மேல் அந்த அந்நியத் தோல் முடியோடு செழித்து வளர்ந்தது. எது தன் உடம்பு, எது அந்நியம் என்று பிரித்துப் பார்க்கும் திறனே அவற்றுக்கு இல்லை. பிறகு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கிரஹாம் மிட்செலுடன் சேர்ந்து, தைமஸில் உருவாகும் செல்கள் வேறு, எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்து எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் வேறு என்று 1968-இல் நிரூபித்தார். இன்று டி செல், பி செல் என்று எல்லோரும் சொல்வது அந்தப் பிரிவைத்தான். இந்த வேலைக்காக மில்லருக்கும், இதே பிரிவைத் தனியே கண்டறிந்த மேக்ஸ் கூப்பருக்கும் 2019-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

உங்கள் கணவரைப் பயமுறுத்திய செய்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் மில்லரின் எலிக்குஞ்சுக்கும் உங்கள் பையனுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எலி பிறக்கும்போது அதன் தைமஸ் இன்னும் வேலையைத் தொடங்கிய நிலையில்தான் இருக்கும்; டி செல்கள் வெளியே வந்திருக்காது. மனிதக் குழந்தைக்கோ, தாய் வயிற்றில் இருக்கும்போதே, கர்ப்பத்தின் மூன்றாம், நான்காம் மாதத்திலிருந்தே, அவை வெளியேறத் தொடங்கிவிடுகின்றன. பிறக்கும்போதே நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், இரத்தம் எல்லாவற்றிலும் அவை குடியேறியிருக்கும். உங்கள் பையனுக்கு அதற்கு மேலும் ஆறு மாதம் கிடைத்திருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதை நாற்றங்காலை வைத்துச் சொன்னால் எளிது. நாற்றைப் பறித்து வயலில் நட்டு முடித்த பிறகு நாற்றங்கால் போனால் பயிர் சாகாது. நட்ட பயிர் தூர் கட்டும், வயல் நிறையும். டி செல்களும் அப்படியே வெளியே பிரிந்து பெருகுகின்றன. வளர்ந்த மனிதர்களுக்கு இந்த வெளிப் பெருக்கம்தான் முக்கிய வழி என்று நெதர்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் தூர் கட்டி வருவது நட்ட ரகமேதான். புது ரகம் வேண்டுமென்றால் நாற்றங்கால் வேண்டும். தைமஸ் போனால் இழப்பதும் அதுதான்: புதுப்புது வகை டி செல்களின் வரத்து.

அந்த வரத்து ஏன் அருமையானது என்றால், தைமஸுக்குள் நடக்கும் வடிகட்டல் அவ்வளவு கடுமை. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் ஒவ்வொரு இளஞ்செல்லும் தன் மரபணுத் துண்டுகளைக் கலைத்துப் போட்டுத் அந்நியப் பொருளை அடையாளம் காணத் தனக்கென ஓர் ஏற்பியைச் செய்துகொள்கிறது. அது உதவுமா, உடம்பையே தாக்குமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் தைமஸ் அதைச் சோதிக்கிறது. தைமஸின் உட்பகுதிச் செல்கள் ‘ஏர்’ (AIRE) என்ற மரபணுவின் உதவியால் இன்சுலின், தைராய்டுப் புரதம் என்று உடம்பின் பல உறுப்புகளுக்கே உரிய பொருள்களைத் தாமே தயாரித்துக் காட்டுகின்றன. அவற்றைக் கண்டு பாய்கிற செல் அங்கேயே அழிக்கப்படும். நூறு உள்ளே போனால் வெளியே வருவது ஐந்துக்கும் குறைவு. பாய்கிற குணம் உள்ள சில செல்களை அழிக்காமல், மற்ற செல்களை அடக்கி வைக்கும் காவலர்களாக மாற்றுவதும் உண்டு. பிறந்து மூன்று நாளான எலிக்குத் தைமஸை எடுத்தால் அது தன் உறுப்புகளையே தாக்கிக்கொள்வது ஏன் என்ற புதிரைப் பிடித்துக்கொண்டு போய், இந்தக் காவலர் செல்களை ஷிமோன் சகாகுச்சி 1995-இல் அடையாளம் காட்டினார். 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் கிடைத்தது இதற்காகத்தான்.

சரி, கைக்குழந்தையாக இருந்தபோது தைமஸ் எடுக்கப்பட்டவர்கள் பெரியவர்களானபின் எப்படி இருக்கிறார்கள்? பெரும்பாலோர் பள்ளிக்கும் வேலைக்கும் போய் இயல்பாக வாழ்கிறார்கள். ஆனால் மாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, சிலரிடம், குறிப்பாக சைட்டோமெகலோ வைரஸ் தொற்று வந்தவர்களிடம், வயதானவர்களுக்கு இருப்பது போன்ற டி செல் நிலையைக் கண்டார்கள். ஸ்வீடனின் மருத்துவப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில் தொற்றுகளும் தைராய்டு குறைபாடும் இவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. அதனால் பையன் வளரும்போது காரணமில்லாமல் சோர்வாக இருந்தாலோ, உயரம் ஏறாமல் நின்றாலோ, தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் கணவர் படித்தது அநேகமாக 2023-இல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வாக இருக்கும். தைமஸ் எடுக்கப்பட்டவர்களில் 5 ஆண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம், தைமஸைத் தொடாமல் வேறு மார்பு அறுவை செய்தவர்களில் 2.8 சதவீதம் என்று அதில் இருந்தது. முக்கியமான ஆய்வு, தேவையில்லாமல் தைமஸை எடுக்கக்கூடாது என்று மருத்துவர்களை யோசிக்க வைத்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் அனைவரும் பெரியவர்கள். பத்து மாதக் குழந்தைக்கு அந்த எண்ணைப் பொருத்திப் பார்ப்பது சரியல்ல. இதை அவரிடம் காட்டுங்கள். இதயத்தைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் வந்திருக்கும் ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரியது.

உண்மையில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. டெட்ராலஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலாகவோ, 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் இருக்கும். டிஜார்ஜ் குறைபாடு என்பார்கள். இதயமும் தைமஸும், கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியும் கருவில் சேர்ந்தே உருவாவதால், இந்தக் குழந்தைகளுக்குத் தைமஸ் பிறவியிலேயே சிறிதாக இருக்கலாம், அபூர்வமாக இல்லாமலே போகலாம். இரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு டி செல் எண்ணிக்கையைப் பார்க்காமல் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசிகளைப் போடக்கூடாது. இரத்தம் ஏற்றினாலும் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தமாக இருக்க வேண்டும். உங்கள் பையனுக்குப் பிறந்தவுடன் பிசிஜியும் போலியோ சொட்டு மருந்தும் கொடுத்து எதுவும் ஆகவில்லை என்றால் அது நல்ல அறிகுறிதான், ஆனால் அதுவே போதாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘22க்யூ’ அல்லது ‘ஃபிஷ்’ பரிசோதனை என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ உங்கள் இதய மருத்துவரிடமோ இதைக் கேளுங்கள். கூடவே டி செல் எண்ணிக்கைக்கும் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்காக அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஒரு சிகிச்சை உருவானது. 2021-இல் அங்கே அதற்கு அனுமதி கிடைத்தது. ஆய்வகத்தில் வளர்த்த தைமஸ் துண்டுகளைக் குழந்தையின் தொடைத் தசையில் வைக்கிறார்கள். அந்தத் துண்டுகள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? உங்கள் மகனைப் போல இதய அறுவை செய்துகொண்ட குழந்தைகளிடம் எடுத்த தைமஸிலிருந்துதான்.

இனி ஊசி விஷயம். ஒன்பதாம் மாதத்தில் வரவேண்டிய நியுமோகாக்கல் (நிமோனியா தடுப்பு) பூஸ்டரிலும் ஐபிவி என்ற போலியோ ஊசியின் மூன்றாம் தவணையிலும் உயிருள்ள கிருமி இல்லை. இந்த வாரப் புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடலாம். எம்ஆர் ஊசி மட்டும் வேறு கணக்கு. அறுவையின்போது பையனுக்கு இரத்தம் ஏற்றியிருப்பார்கள். அந்த இரத்தத்தில் மற்றவர்களின் தட்டம்மை எதிர்ப்பொருள் இருக்கும். ஊசியில் உள்ள வைரஸை அது வேலை செய்யவிடாமல் அழித்துவிடும். அதனால் இரத்தம் ஏற்றி ஆறேழு மாதம் கழித்துப் போடுவது வழக்கம். உங்கள் பையனுக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று மாதம். பரிசோதனை முடிவும் அதற்குள் வந்துவிடும். நடுவில் ஊரில் தட்டம்மை பரவினால் மருத்துவரிடம் உடனே கேளுங்கள். முன்கூட்டிப் போட்டுவிட்டுப் பிறகு ஒரு தவணை கூடுதலாகப் போடச் சொல்லலாம். ஃப்ளூ ஊசி அரசு அட்டவணையில் இல்லை என்றாலும் இதய அறுவை ஆன குழந்தைக்கு அது தேவை. முதல் வருடம் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு வருடத்துக்கு ஒன்று. உங்கள் மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: புது டி செல் வரத்து குறைந்த குழந்தைக்கு, இருக்கிற செல்களுக்கு நோயை இப்போதே அறிமுகப்படுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு.

எதிர்ப்புச் சக்தி டானிக், தைமஸ் சாறு மாத்திரை எதுவும் போன தைமஸை ஈடு செய்யும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பணத்துக்கு முட்டையும் பருப்பும் வாங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சத்துக்குறைவு வந்தால் மிச்சம் இருக்கும் தைமஸும் சுருங்கிவிடும்.

வாயில் வெண்படலம் மருந்து போட்டும் போகாமல் இருப்பது, அடிக்கடி நிமோனியா, வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, பிசிஜி போட்ட பக்கத்து அக்குளில் கட்டி பெரிதாவது: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். அப்புறம் காய்ச்சல். காரணம் தெரியாமல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கவே கூடாது. இதயத்தில் தையலும் ஒட்டும் உள்ள குழந்தைக்கு உள்ளே கிருமி தொற்றியிருக்கலாம். முதலில் ப்ளட் கல்ச்சர் எடுத்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும். மருந்து உள்ளே போய்விட்டால் அது கண்ணில் படாது.

கோயில் திருவிழா, கல்யாணம், சொந்தக்காரர் வீடு எல்லாவற்றுக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். இருமலும் சளியும் உள்ளவர்கள் மட்டும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். அதைச் சொல்லத் தயங்காதீர்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் அறிகுறி, அதாவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், முதலில் அவர்களைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வளர்ந்து அங்கன்வாடிக்குப் போகும் வயது வந்தால், ஊசிகள் எல்லாம் முடிந்திருந்தால், அங்கேயும் தாராளமாக அனுப்புங்கள்.