சனி, ஞாயிறில் சூளை கற்கப் போகிறவருக்கு

கேள்வி: ஒன்றரை ஆண்டாகச் சக்கரத்தில் வனையப் பழகுகிறேன். எங்கள் வகுப்பில் மின்சூளை மட்டும்தான் உண்டு. அடுத்த மாதம் புதுச்சேரிப் பக்கம் இரண்டு நாள் பயிற்சி. ராக்கு, குழிச்சூளை, குதிரைமுடி எல்லாம் சொல்லித் தருகிறார்களாம். "பிஸ்க் செய்த பாண்டம் எட்டு கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள் (பிஸ்க் என்றால் மேற்பூச்சுக்கு முன் மண்ணை ஒருமுறை சுடுவது). எப்படிப்பட்டவை கொண்டுபோக வேண்டும்? அங்கே சுடும் கோப்பையில் காபி குடிக்கலாமா? பிறகு வீட்டு மொட்டைமாடியில் நானே செய்துபார்க்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

கோப்பை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குடிக்க வேண்டாம். ராக்கு என்பது எரியும் பாண்டத்தைச் சூளையிலிருந்து நேரே வெளியே எடுத்து, மரத்தூளிலோ காற்றிலோ ஆறவிடும் முறை. அதில் பாண்டம் ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லாவதில்லை, நுண்துளைகள் அப்படியே இருக்கும். மேலே பூசிய கிளேஸிலும் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். ஊர்ப் பானையிலும் துளை உண்டு, அதில் தண்ணீர் குடிக்கிறோமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஊர்ப் பானையில் இருப்பது மண்ணும் விறகும் வைக்கோலும் தந்த தீயும் மட்டுமே. பயிற்சியில் நீங்கள் பார்க்கப்போகும் பளபளப்பு பெரும்பாலும் தாமிரச் சேர்மங்களால் வருவது. புளி, எலுமிச்சை, மோர் பட்டால் தாமிரம் கரைந்து இறங்கும். மண்ணில் தோண்டிய குழியில் விறகு போட்டுச் சுடும் குழிச்சூளையில் உப்பும், மயில்துத்தமும் (தாமிர உப்பு), அன்னபேதியும் (இரும்பு உப்பு) தூவுவார்கள். இவை கண்ணுக்கான பாண்டங்கள். அப்படியே வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள். விருந்தாளி தெரியாமல் எடுத்து ஊற்றிவிடுவார்.

இனி எட்டுப் பாண்டம். முதலில் மண். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரியைக் கடக்கும்போது சட்டென்று அளவு மாறும். மின்சூளையில் சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால் பாண்டம் தாங்கிக்கொள்கிறது. ராக்குவிலோ தகதகவென்று எரியும் பாண்டத்தை இடுக்கியால் பிடித்துத் திறந்த காற்றில் வைக்கிறோம். அந்த அதிர்ச்சியைத் தாங்க, சுட்ட மண்ணைப் பொடித்துக் கலந்த சொரசொரப்பான மண் வேண்டும். கடையில் "குரோக்" கலந்த ஸ்டோன்வேர் மண் என்று கேளுங்கள். என் முதல் பயிற்சிக்கு நான் பீங்கான் மண்ணில் மெல்லிய தட்டுகள் ஐந்து செய்து கொண்டுபோனேன். நான்கு இடுக்கியிலேயே பிளந்தன. ஒரு மாத உழைப்பு அது. அன்று இரவு அழுதேன். தட்டும் கைப்பிடியும் வேண்டவே வேண்டாம். ஒரு சாண் உயரம், உருண்ட வயிறு, இடுக்கி நுழைய வசதியான வாய், எங்கும் ஒரே கனத்தில் ஐந்தாறு மில்லிமீட்டர் சுவர். இது போதும்.

எட்டையும் ஒரே சூட்டில் பிஸ்க் செய்யாதீர்கள். ராக்குவுக்கான ஐந்தை 1000 டிகிரி அளவில், அதாவது கோன் 06-க்கு (சூளைச் சூட்டைக் காட்டும் கூம்பின் எண்) சுடுங்கள். குழிக்கான மூன்றைப் பச்சையாக இருக்கும்போதே கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, 900 டிகிரியோடு நிறுத்துங்கள். சூடு அதற்கு மேலே போகப் போகக் கல் தேய்த்த மினுமினுப்பு மங்கும், புகையை உள்ளே இழுக்கும் துளைகளும் குறையும். இவற்றில் கிளேஸ் பூசக்கூடாது. எந்தப் பாண்டத்தையும் 1200-க்கு மேல் ஏற்றிக் கொண்டுபோய்விடாதீர்கள். இறுகிய மண் ராக்குவின் அதிர்ச்சியில் உடையும்.

இன்னொன்று, இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். எட்டு வெவ்வேறு அழகான வடிவங்கள் செய்ய ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ராக்குவுக்கு ஒரே அச்சாக ஐந்து கிண்ணங்கள் செய்யுங்கள். இரண்டில் ஒரே தாமிர கிளேஸ் பூசி, சூளையிலிருந்து எடுத்ததும் ஒன்றை மரத்தூள் உள்ள தொட்டியில் போட்டு மூடுங்கள், மற்றதைக் காற்றில் ஆறவிடுங்கள். காற்றில் ஆறியது பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ நிற்கும். மரத்தூளுக்குள் போனது செப்புக்குடம் போலச் சிவந்து மின்னும். மூடிய தொட்டிக்குள் எரியும் தூளுக்கு ஆக்ஸிஜன் போதாது. அது கிளேஸிலுள்ள தாமிர ஆக்ஸைடிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது, தாமிரம் உலோகமாகவே மிஞ்சுகிறது. இந்த இரண்டு கிண்ணங்களை அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு மற்ற எல்லா முறைகளும் பாதி புரிந்தமாதிரி. பெயர்கள் பல, நடப்பது ஒன்றுதான்: தீக்கு எப்போது காற்றுக் கொடுக்கிறோம், எப்போது மறுக்கிறோம் என்பது. (அந்தச் செப்பு மினுக்கு மாதங்கள் போகப் போகக் காற்றுப்பட்டு மங்கும். அது உங்கள் தவறில்லை.)

மூன்றாம் கிண்ணத்துக்கு வெள்ளை வெடிப்பு கிளேஸ். சூளைக் கண் வழியே பார்த்தால் கிளேஸ் முதலில் கொப்பளிக்கும், பிறகு அடங்கி, ஈரம் பட்ட கல்போல் மினுங்கும். அதுதான் எடுக்கும் தருணம். வெளியே எடுத்ததும் உடனே தூளில் போடாமல் பத்து, இருபது நொடி பொறுங்கள். "டிங், டிங்" என்று மெல்லிய ஒலி கேட்கும். மண்ணைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்குவதால் விழும் வெடிப்பு அது. அப்போது தூளில் இறக்கி மூடினால் கரி அந்த வெடிப்புகளுக்குள் புகுந்து கறுப்பு வலையாகும். தாமிர கிளேஸுக்கு இந்தப் பொறுமை கூடாது. எடுத்த நொடியே உள்ளே போக வேண்டும். மீதி இரண்டு கிண்ணங்களைப் பயிற்றுநர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள், அல்லது கிளேஸ் பூசாமல் ஒன்றைக் குதிரைமுடிக்கு வையுங்கள். சுமார் 650 டிகிரிச் சூட்டில் வெளியே எடுத்த பாண்டத்தில் முடியை வைத்தால் அது சுருண்டு எரிந்து கறுப்புக் கோடாகப் பதியும். அழகுதான், ஆனால் ஐந்து நிமிடத்தில் கற்றுவிடலாம்.

ராக்கு 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் கியோத்தோ நகரில், தேநீர்ச் சடங்குக்காகச் சோஜிரோ என்ற கலைஞர் செய்த கிண்ணங்களில் தொடங்கியது. அங்கே மரத்தூள் தொட்டி கிடையாது. அது 1960-இல் அமெரிக்கரான பால் சோல்ட்னர் செய்துபார்த்ததிலிருந்து பரவியது. நம் பக்கம் காற்றை மறுக்கும் வித்தை இரும்புக் காலத்திலேயே உண்டு. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பாருங்கள்: உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால், காற்றுப் புகாத உட்புறம் கறுத்தது என்பது பரவலான விளக்கம். குழிச்சூளையில் உங்கள் மூன்று பாண்டங்களில் ஒன்றைத் தூளுக்குள் கவிழ்த்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்காகக் கேளுங்கள், விளைவை எழுதுங்கள்.

குழியில் அடியில் மரத்தூள், மேலே வரட்டி, விறகு. உப்பும் மயில்துத்தமும் சேர்ந்து எரியும் புகை நுரையீரலுக்குக் கெடுதி. காற்று வரும் பக்கமே நில்லுங்கள், புகை உங்களைவிட்டு விலகிப் போகட்டும். துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது, அதற்கென்று உள்ள வடிகட்டி முகமூடி வேண்டும். பருத்தி உடை, மூடிய தோல் செருப்பு, கட்டிய கூந்தல். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள். நைலான், பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டும்.

மொட்டைமாடி: வேண்டாம். காங்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகித் தளத்தைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கவைக்கும். எரிவாயு அடுப்பும் எரியும் பாண்டமும் மாடியில் ஆபத்து. உறவினர் தோட்டம் இருந்தால், வீட்டிலிருந்து தள்ளி, மண் தரையில் மரத்தூள் சூளை வையுங்கள். சாந்தில்லாமல் செங்கல்லை முழங்கால் உயரத்துக்குச் சதுரமாக அடுக்குங்கள். உலர்ந்த தூளைக் கொட்டி, பிஸ்க் செய்த, மெருகேற்றிய பாண்டங்களை ஒன்றோடொன்று படாமல் புதையுங்கள். மேலே காகிதம் வைத்துப் பற்றவையுங்கள். தூள் நன்றாகப் பிடித்ததும் தகரத்தால் மூடுங்கள். தீ எழக்கூடாது, கனலும் புகையும் மட்டும் இருக்க வேண்டும். இரசாயனம் எதுவும் தேவையில்லை. காற்று வீசும் நாளில் தொடங்காதீர்கள், வாளியில் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். தூள் முழுவதும் எரிந்து இறங்க ஒரு பகலும் இரவும் ஆகலாம். இடையில் தகரத்தைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும். தூக்கினால் காற்றுப் புகுந்து கறுப்பு வெளுத்துவிடும். மறுநாள் செங்கல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள்.