நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நாவல்களில் பெரியவர்களும் சிறியவர்களும் ஏன் மோதிக்கொண்டே இருக்கிறார்கள்?

விட்டி இஹிமேரா 1987-இல் எழுதிய 'தி வேல் ரைடர்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் ஃபங்காரா கிராமம். குலத்தலைவர் கோரோ அபிரானாவுக்கு ஆண் வாரிசு வேண்டும். பிறந்ததோ கொள்ளுப்பேத்தி காஹு. அவளிடம் முகம் கொடுத்துப் பேசவே மாட்டார். கோரோவின் மனைவியான கொள்ளுப்பாட்டிதான் விடாமல் நின்று, அவள் தொப்புள்கொடியை ஊர்ப் பொதுமன்றமான மராயேயின் மண்ணில் புதைக்கவைக்கிறாள். பிறகு பள்ளி விழாவில் காஹு அவருக்காகவே மாவோரி மொழியில் பேசுகிறாள். அவருக்குப் போட்ட நாற்காலி காலியாகக் கிடக்கிறது. படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, கிழவர் கல்நெஞ்சக்காரரா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாவோரி இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக நகரங்களுக்குப் போனார்கள். மொழியும் வம்சக் கதைகளும் தன்னோடு முடிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. அதையெல்லாம் ஆசையோடு கற்றுக்கொள்பவள், அவர் கதவுக்கு வெளியே நிறுத்திய அந்தச் சிறுமிதான்.