நெற்றியில் கொப்புளம், கண்ணில் சிவப்பு: வெக்கையென்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்து இரண்டு வருடங்களாகின்றன. நேற்று முன்தினத்திலிருந்து வலப்பக்க நெற்றியில் எரிவும் கொப்புளங்களும். இன்று கண்ணும் சிவந்துவிட்டது. கச்சான் காற்றின் வெக்கை என்கிறார்கள். மருந்துக்கடையில் தந்த சொட்டு மருந்தை விடலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சொட்டு மருந்தை விட வேண்டாம், இன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று தொலைபேசியில் அவசரமாகக் கூறியதன் காரணத்தை இங்கே விளக்குகிறேன்.

வெக்கைக் கொப்புளம் நெற்றியின் நடுக்கோட்டில் வந்து நின்றுவிடாது. ஒரு பக்கத்தில் மட்டும், எரிவு முந்திக்கொண்டு வரும் கொப்புளம் பெரும்பாலும் அக்கியே. சிறுவயதில் வந்த கொப்புளிப்பானின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக்கிடந்து, மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கவென்று எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் குளிசைகளை எடுப்பவர்களில் மீண்டும் கிளம்புகிறது. மூக்கின் நுனியை உற்றுப் பாருங்கள். அங்கும் ஒரு கொப்புளம் இருந்தால், அதே நரம்புக் கிளை கண்ணுக்குள்ளும் செல்வதால், கண் பாதிக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். இல்லையென்றாலும் சிவந்த கண்ணைக் காட்டியே ஆகவேண்டும்.

கடையில் தரும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பைக் குறைத்து, குணமாகிவிட்டது என்ற எண்ணத்தைத் தந்துவிட்டு, கருவிழியில் வைரஸ் புண் இருந்தால் அதை ஆழமாக்கிவிடும். சில கண் நிலைகளுக்கு நாங்களே ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. ஆனால் சாயமிட்டு நீல ஒளியில் கருவிழியைப் பார்த்த பின்னரே, வைரஸ் எதிர்ப்பு மருந்தின் துணையோடு.

அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது சிறந்தது. ஆயினும் உங்கள் கணவரைப் போன்றவர்களுக்கு அந்தக் கெடு தாண்டினாலும் கொடுக்கிறோம். சிலவேளைகளில் வாட்டில் அனுமதித்து ஊசி வழியாகவும் கொடுக்க நேரிடும். சிறுநீரகத்தின் இயக்கத்தைப் பொறுத்து அளவு மாறுமென்பதால், கிளினிக் கொப்பியையும் எடுக்கும் குளிசைகள் அனைத்தையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். பயத்தில் மாற்றுச் சிறுநீரகக் குளிசைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைப்பதா என்பதைச் சிறுநீரக வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களில் சைட்டோமெகலோ என்னும் வேறொரு வைரஸ் விழித்திரையைத் தாக்கும்போது, கண் சிவக்காது, வலிக்காது. பூச்சி பறப்பது போன்ற புள்ளிகளோ மின்னலோ ஓரத்தில் மங்கலோ மட்டுமே தெரியும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களில் நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 என்னும் வெள்ளையணுக்கள் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 50க்குக் கீழே இறங்கியிருக்கும்போது இது அதிகம். இரு கண்களும் சேர்ந்து பார்க்கையில் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடுவதால், காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது ஒரு கண்ணைப் பொத்தி மற்றதால் திகதியை வாசிக்கும் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்துங்கள்.

கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, கொப்புளிப்பான் வந்திராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அவருக்கு அருகில் வரவேண்டாம். அவருடைய துவாயும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும்.