மலையில் பக்கி ஓட்டுவோருக்கு: கார்புரேட்டர் ஜெட் கேள்வி பதில்

ஊட்டி: கோவையில் ஜம்மென்று ஓடிய 150 சிசி பக்கி (மண்பாதையில் ஓட்டும் சிறிய நான்கு சக்கர வண்டி), இங்கே முழு ரேஸ் கொடுத்தால் திணறிக் கறுப்புப் புகை விடுகிறது. மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) 110. எவ்வளவு குறைக்கலாம் சார்?

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். செம்மண் அடைத்திருந்தாலும் இதே புகைதான் வரும். அது சுத்தம் என்றால் உயரம்தான் காரணம். கோவை சுமார் 410 மீட்டர், ஊட்டி 2,240. மேலே காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கார்புரேட்டர் தரும் காற்று-பெட்ரோல் கலவை ஏறத்தாழ 10% ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிவிடும்.

எத்தனை குறைப்பது என்பது ஜெட்டின் கம்பெனியைப் பொறுத்தது. கெய்ஹினில் நம்பர் என்பது துளையின் விட்டம். 110 என்றால் 1.10 மி.மீ. விட்டத்தில் 5% குறைந்தாலே பரப்பு கிட்டத்தட்ட 10% குறையும். அதனால் 105 போதும். மிக்குனி அறுகோணத் தலை ஜெட்டில் நம்பர் பெட்ரோல் பாயும் அளவு. அங்கே 100 போடுங்கள்.

பிறகு புது ப்ளக் போட்டு, மேட்டில் முழு ரேஸில் இழுத்து, ரேஸைக் குறைக்காமலே கில் சுவிட்சை அழுத்தி நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். ப்ளக்கின் நடுவிலுள்ள பீங்கானின் முனை ஏமாற்றும். உள்ளே அடிப்பகுதியில் மெல்லிய புகை வளையம் இருந்தால் சரி. வளையமே இல்லையென்றால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. உடனே ஒரு நம்பர் ஏற்றுங்கள்.

குன்னூர்: மெயின் ஜெட் மாற்றியும் அரை ரேஸில் இடறுகிறது அண்ணா. ஐடிலிங்கும் நிற்கவில்லை.

மெயின் ஜெட் முக்கால் ரேஸுக்கு மேலேதான் வேலை செய்யும். கால் முதல் முக்கால் வரை, ரேஸ் கொடுத்தால் மேலேறும் கார்புரேட்டர் ஊசியின் ராஜ்யம். ஊசியின் தலையிலுள்ள க்ளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டுங்கள். ஊசி இறங்கி லீன் ஆகும். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டும் அதன் கலவை ஸ்க்ரூவும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே திருகுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்ப லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் ரிச். இது தலைகீழானால் நாள் முழுக்கத் திருகினாலும் ஐடிலிங் நிற்காது.

கோத்தகிரி: ஜெட் சரியாகிவிட்டது, பழைய இழுவை மட்டும் வரவில்லையே?

வராது. காற்றோடு போன பவரை எந்த ஜெட்டும் திருப்பித் தராது. செயின் வண்டி என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு மூன்று பல் கூட்டுங்கள். பெல்ட் வண்டிக்கு வேரியேட்டரில் (கியர் விகிதத்தை மாற்றும் பெல்ட் கப்பி) எடை குறைந்த ரோலர்.

மேட்டுப்பாளையம்: ஊட்டி ஜெட்டோடு இங்கே ஓட்டலாமா?

கூடவே கூடாது. கீழே அது லீன். ரிச் ஆனால் புகையும் கறுத்த ப்ளக்கும்தான். லீனில் முழு ரேஸ் கொடுத்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம். ட்ரெய்லரிலிருந்து இறக்கியதும் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றிக் கீழ்நாட்டு ஜெட்டைப் போட்டுவிடுங்கள். பழைய மேனுவல் நம்பர் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கானது. 20% எத்தனாலுக்கு அதுவே கொஞ்சம் லீன். கலவையை ரிச் ஆக்கும் சோக்கை லேசாக இழுத்தால் ஓட்டம் சீராகிறதா? லீன்தான், சந்தேகமே வேண்டாம்.

கொடைக்கானல்: மூடுபனியில் கொஞ்ச நேரம் ஓடியதும் அணைந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

ஜெட்டைத் தொடாதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டை குளிர்ந்து, ஈரக்காற்று அங்கே பனிக்கட்டியாக ஒட்டுகிறது. நின்றதும் இன்ஜின் சூட்டில் உருகிவிடுகிறது. சிலிண்டர் பக்கத்துச் சூட்டுக்காற்றை இழுக்கும்படி ஏர் ஃபில்டர் வாயைத் திருப்புங்கள். அப்படியும் தீரவில்லையென்றால் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் தனியாக நிற்பது தண்ணீர். டேங்கையும் சேர்த்துக் காலி செய்யுங்கள்.