பல்கலைக்கழக இணையதளத்தைப் புதுப்பிப்பது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றிலுள்ள பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சில துறைகளில் மாணவர் சேர்க்கை குறைந்து வருவதால், இணையதளத்தையும் விளம்பரப் பணிகளையும் மாணவர்களுக்கான இணையச் சேவைகளையும் சீரமைக்க ஒரு குழு அமைத்து, என்னை ஒருங்கிணைப்பாளராக நியமித்திருக்கிறார்கள். மூன்று நிறுவனங்கள் புதிய முகப்பு வடிவமைப்புகளைக் காட்டி விலைப்புள்ளி கொடுத்துள்ளன. அடுத்த சேர்க்கைக்குள் வேலை முடிய வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்த மூன்று வடிவமைப்புகளையும் சில வாரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். முகப்பின் அழகு கடைசியில் முடிவு செய்ய வேண்டியது. அதற்கு முன், உங்கள் பல்கலைக்கழகத்தை நாடி வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு வாரங்கள், விசாரணைச் சாளரத்திலும் தேர்வுப் பிரிவின் வாசலிலும் தொலைபேசி எடுப்பவரின் அருகிலும் குழு உறுப்பினர்கள் முறைவைத்து அமர்ந்து, வருகிற ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவரின் சொற்களிலேயே குறித்துக்கொள்ளட்டும். தளத்துக்கு வரும் தேடல்களைக் காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தத் தேடலின் வழியாக உங்கள் தளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் எவ்வளவு, விடுதி கிடைக்குமா, ஹால் டிக்கெட் எப்போது வரும், அரியர் தேர்வுக்குக் கடைசி நாள் எது, பட்டச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று சுமார் முப்பது கேள்விகளே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அந்த முப்பதும்தான் உங்கள் தளத்தின் உண்மையான வரைபடம். துறைவாரியாகவும் அலுவலகப் பிரிவுவாரியாகவும் அமைந்த பட்டியல் நிர்வாகத்துக்குப் பழகியதே தவிர, கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்க நினைக்கும் தந்தைக்கு அது எதையும் சொல்லாது.

இவற்றுள் கட்டணப் பக்கத்தில்தான் நீங்கள் அதிக உழைப்பைச் செலுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேடுபொறியிலிருந்து வருபவர் பெரும்பாலும் முகப்பைக் காண்பதே இல்லை. நேராக ஒரு பாடப்பிரிவின் பக்கத்துக்கோ கட்டணப் பக்கத்துக்கோ வந்து இறங்குகிறார். அங்கே பழைய ஆண்டின் சுற்றறிக்கை ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடந்தால், அடுத்த ஊர்க் கல்லூரிக்குத் தொலைபேசியில் அழைத்துவிடுவார். பருவக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, உணவு, பேருந்து, திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை ஆகிய அனைத்தையும் கூட்டி, முதல் ஆண்டில் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை ஒரே தொகையாகச் சொல்லுங்கள். விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை, கட்டணம், இடங்களின் எண்ணிக்கை, தகுதி, விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி ஆகியவை அடங்கிய தகவல் கையேட்டைச் சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே வெளியிட வேண்டும் என்கிறது. பிளஸ் டூ முடிவுகள் மே மாதம் வெளியாகின்றன என்பதை வைத்துக் கணக்கிட்டால், இந்தப் பக்கங்கள் மார்ச் தொடக்கத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கட்டணத்துக்குக் கீழேயே உதவித்தொகைகள் வர வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவற்றுக்கு உங்கள் வளாகத்தில் யாரை, எந்தச் சான்றுகளோடு பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதிய ஒரு பத்தி, நாளிதழில் தரும் முழுப்பக்க விளம்பரத்தைவிட அதிகப் பிள்ளைகளை உங்களிடம் அழைத்து வரும் என்று நம்புகிறேன்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கையெழுத்திட்ட தாளைப் படம் பிடித்து ஏற்றினால், கைபேசித் திரையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். தேடுபொறிக்கு அது சரியாகப் பிடிபடாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கோ அது வெறும் படம் மட்டுமே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2009இல் வெளிவந்து 2023இல் மூன்றாம் பதிப்பு கண்ட இந்திய அரசு இணையதள வழிகாட்டு நெறிமுறைகளும் இந்த அணுகல்தன்மையை வலியுறுத்துகின்றன. சுற்றறிக்கையின் வாசகத்தைப் பக்கத்திலேயே தட்டச்சு செய்து வெளியிடுங்கள். கையெழுத்திட்ட படியை இணைப்பாகத் தந்தால் போதும். தமிழ்ப் பக்கங்கள் இன்னும் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்தால் முதல் வேலையாக, எந்தக் கருவியிலும் எழுத்து மாறாமல் தெரியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றுங்கள். தமிழ்நாடு அரசு அதைத் தரநிலையாக ஏற்றது 2010இல். எல்லாம் முடிந்ததும், என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானைக் கொண்டு உங்கள் வளாகத்துப் பார்வையற்ற மாணவர் ஒருவரையே விண்ணப்பப் படிவத்தை நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறெந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது.

வேகத்துக்கு ஓர் அளவுகோல் போதும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்கிறது கூகுள். முகப்பில் ஓடும் பெரிய படங்களையும் ட்ரோன் காட்சிகளையும் நீக்கினாலே பெரும்பாலும் பாதி வழி கடந்துவிடலாம்.

இனி இணையச் சேவைகள். மென்பொருள் வாங்கியவுடன் சேவை மேம்பட்டுவிடும் என்று எண்ணுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்வழியில் பயின்றவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமையைக் கோர இது தேவைப்படுவதால், தேர்வு அறிவிப்பு வந்ததும் முன்னாள் மாணவர்கள் திரண்டு வருகிறார்கள். நான் உடனிருந்து பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தில் இந்த விண்ணப்பம் துறைத் தலைவர், பிரிவு எழுத்தர், கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர், பதிவாளர் என ஐந்து மேசைகளைக் கடந்தது. அவற்றுள் மூன்று மேசைகளில் ஒரே பதிவேட்டின் ஒரே வரியைத்தான் சரிபார்த்தார்கள். அங்கே இணையப் படிவம் வந்த பிறகும், அதை அச்சிட்டுக் கையெழுத்து வாங்கி மீண்டும் ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னதால், மாணவருக்கு அலைச்சல் குறையாமல் ஒரு வேலை கூடியதுதான் மிச்சம். சேலத்திலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் ஒரு தாளுக்காக விடுப்பு எடுத்து ஊர் வர வேண்டியிருப்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ஆகவே மென்பொருளைப் பற்றிப் பேசும் முன், அதிகம் கேட்கப்படும் ஐந்து சான்றிதழ்களின் கோப்பு செல்லும் வழியைத் தாளில் வரைந்து, தேவையற்ற மேசைகளை நீக்குவதற்குப் பதிவாளரின் எழுத்துப்பூர்வமான ஆணையைப் பெறுங்கள். விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்பது மாணவரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகச் செல்லட்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து சான்றிதழ் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பதை மாதந்தோறும் அளந்து வாருங்கள்.

மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றிதழையும் அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏற்றுவதையும், மாணவர் ஈட்டும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க 2021இல் தொடங்கப்பட்ட அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் மாணவர் கணக்குகளை இணைப்பதையும் தள்ளிப் போடாதீர்கள். டிஜிலாக்கரில் வழங்கப்பட்ட ஆவணம் சட்டப்படி அசலுக்கு நிகரானது என்பதால், உண்மைத்தன்மை கேட்டு வேலை தரும் நிறுவனங்கள் அனுப்பும் கடிதங்களும் காலப்போக்கில் குறையும். புதிதாக மென்பொருள் எழுதச் சொல்லும் முன், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ஆதரவில் உருவாகிப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் சமர்த் என்னும் நிர்வாக மென்பொருள் தொகுப்பையும் ஒருமுறை பாருங்கள்.

விளம்பரத்தில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வேலைவாய்ப்பு எண்கள். மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனத் தரவரிசையான என்ஐஆர்எஃப்புக்குத் தரும் விவரங்களில் வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம், அதாவது சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை, கேட்கப்படுகிறது. அந்த விவரங்களை உங்கள் தளத்திலேயே வெளியிடவும் வேண்டும். விளம்பரத்தில் ஒரே ஒருவர் பெற்ற உச்சச் சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே வேறொரு எண் இருந்தால், விவரமறிந்த பெற்றோர் இரண்டையும் ஒப்பிட்டுவிடுவார். இடைநிலைச் சம்பளத்தையே முன்னால் வையுங்கள். இரண்டாவது, தொலைபேசி எண்களை விலைக்கு வாங்குவது. பிளஸ் டூ மாணவர்களில் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களையும் தடை செய்கிறது. சட்டம் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகிறது என்றாலும், எங்கிருந்தோ வந்த எண் பட்டியலை வைத்து ஒரு பிள்ளையை நாள்தோறும் அழைத்துத் துளைப்பது சட்டத்துக்கு முன்பே அறத்துக்கு ஒவ்வாதது. அந்தப் பணத்தில் சேர்க்கைக் காலம் முழுவதும் வாட்ஸ்அப் கேள்விகளுக்கு அன்றைக்கே பதில் தர இரண்டு பயிற்சி பெற்ற பணியாளர்களை அமர்த்துங்கள்.

தளம் கட்டி முடிந்தபின் யார் பராமரிப்பது என்பதை இப்போதே தீர்மானியுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பதவியின் பெயரால் ஒரு பொறுப்பாளரும், கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்க வேண்டும். பொறுப்பாளர் கிடைக்காத பக்கத்தை ஏற்ற வேண்டாம்.

இவற்றுக்குப் பிறகே விலைப்புள்ளிகளுக்கு வாருங்கள். ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகளை விட்டுவிடக் கூடாது. பழைய தளத்தின் முகவரிகள் அனைத்தும் புதிய பக்கங்களுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்பட வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் குழுவுக்கு நீங்கள் அளித்த தன்னாய்வு அறிக்கையிலும் ஆண்டறிக்கைகளிலும் சான்றாகத் தந்த இணைப்புகள் அந்த முகவரிகளையே சுட்டுகின்றன, அவை அறுந்தால் ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகும். டொமைன், சர்வர், கூகுள் கணக்குகள் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் பல்கலைக்கழகத்தின் அலுவலக மின்னஞ்சலில் மட்டுமே பதிவாகி இருக்க வேண்டும். உள்ளடக்கம் முழுவதையும் வேறு மென்பொருளுக்கு மாற்றக்கூடிய வடிவில் எப்போது கேட்டாலும் தர வேண்டும். மூன்று நிறுவனங்களுக்கும் உங்கள் முப்பது கேள்விகளில் ஐந்தைக் கொடுத்து, அவற்றுக்கான பக்கங்களைச் சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியில் செய்து காட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களைப் பிளஸ் டூ மாணவர்கள் சிலரிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் கொடுத்து, யாருடைய பக்கத்தில் விடை சீக்கிரம் கிடைக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.