மகள் ஏன் போனை வைத்தாள்?

கேள்வி: எனக்கு வயது 61. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் கணவருடன் இருக்கிறேன். ஒரே மகள் திருமணமாகி அமெரிக்காவில் பஃபலோ நகரில் இருக்கிறாள். கைக்குழந்தைக்கு ஏழு மாதம். போன மாதம் அங்கே பனி கொட்டி, நான்கு நாள் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. ஒரு ராத்திரி கரண்டும் போய்விட்டது. மாப்பிள்ளை வேலையிடத்திலேயே மாட்டிக்கொண்டார். பதறிப்போய் அரை மணிக்கொரு தடவை போன் செய்தேன். "காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குழந்தையோடு பக்கத்தில் உட்காரு" என்றேன். "தெரியாததைச் சொல்லாதேம்மா" என்று கத்தி, போனை வைத்துவிட்டாள். பெண்டாட்டி பிள்ளையைத் தனியே விட்டு மூன்று நாள் வராமல் இருந்த மாப்பிள்ளை மேலும் எனக்குக் கோபம். எல்லாரையும் இங்கேயே திரும்பி வந்துவிடச் சொல்லலாமா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் போனை வைத்துவிட்டாளே என்ற வலிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. அதனால் அந்த அடுப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சொன்னது நம் ஊர்ப் பழக்கத்தில் வந்த பேச்சு. நம் வீவக அடுக்குமாடி வீட்டில் சமையலறைச் சன்னல் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி அளவுதான். குளிருக்குப் பயந்து வீட்டை அடைத்து வைத்து வாழ்ந்த அனுபவம் நமக்கு ஏது? அங்கே கதவு, சன்னல் எல்லாம் காற்றுப் புகாதபடி இறுக மூடியிருக்கும். உள்ளே அடுப்போ கரியோ மணிக்கணக்கில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்துவிடும். அதற்கு நிறம் கிடையாது, வாடையும் கிடையாது. முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடலாம். உங்கள் மகளுக்கு இது தெரிந்திருக்கிறது. இருட்டில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவே அதைச் செய்யச் சொன்னதும் பயந்துபோய்க் கத்தியிருக்கிறாள். அந்தப் பயத்தை உங்கள் மேலுள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் தங்கை டொரோன்டோவில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது மூன்று நாள் பனியில் அடைபட்டிருந்தேன். முதல் நாள் காலை வாசல் கதவை உள்ளே இழுத்துத் திறந்தால், எதிரே இடுப்பளவுக்குப் பனி சுவர்போல நிற்கிறது. கதவில் இருந்த சதுரச் சட்டங்கள் அப்படியே அதில் அச்சு விழுந்திருந்தன. வெளியே ஒரு சத்தம் இல்லை. வண்டி இல்லை, குருவி இல்லை. தங்கை கணவர் வழியைச் சுத்தம் செய்யத்தான் மண்வாரியை எடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாசலை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கச் சுவருக்குப் போனார். முழங்கால் உயரத்தில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு பனிக்குள் புதைந்திருந்தன. கையுறையோடு தோண்டித் தோண்டி அவற்றின் வாயைத் திறந்துவிட்டார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குக் காற்றுப் போவதும் புகை வெளியேறுவதும் அந்தக் குழாய்கள் வழியாகத்தான். அவை அடைத்துக்கொண்டால் ஃபர்னஸ் நின்றுபோகும், இல்லையென்றால் அதே நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். அன்றைக்கு மட்டும் நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பஃபலோ ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது. இன்னும் உறையாத ஏரியின் மேல் குளிர்காற்று வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். சில மணி நேரத்தில் சாலை இருந்த இடமே தெரியாது. 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அடித்த புயலில் அந்த வட்டாரத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காருக்குள் மாட்டிக்கொண்டு உயிர்விட்டவர்களும் அதில் உண்டு. உதவிக்குப் போன அவசர வண்டிகளே பனியில் சிக்கி நின்றன. உங்கள் மாப்பிள்ளை வண்டியை எடுக்காமல் இருந்த இடத்திலேயே இருந்தது உங்கள் மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் செய்த பெரிய நன்மை. முடிந்தால் இதை அவரிடமே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த மூன்று ராத்திரி அவருக்கும் தூக்கம் இருந்திருக்காது.

இனி போன். கரண்ட் இல்லாத வீட்டில் அந்த போன்தான் விளக்கு, அதுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் வழி. நீங்கள் அரை மணிக்கொரு தடவை அழைத்தபோது பேட்டரி கரைந்துகொண்டே இருந்தது. அடுத்த புயலுக்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நாம் அவர்களைவிட 13 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அவளுக்கு ராத்திரி எட்டு மணி என்றால் உங்களுக்கு மறுநாள் காலை ஒன்பது. அந்த ஒரு நேரம் பேசுங்கள். மற்ற நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும், அவள் ஒரு கட்டைவிரலை அனுப்பினால் உங்களுக்கும் போதும். டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். நாள் முழுக்கக் குழந்தையோடு தனியே இருந்தவளுக்கு எட்டு மணிக்குக் கேட்க வேண்டியது உங்கள் அழுகை அல்ல. பேரனோ பேத்தியோ, அந்தக் குழந்தைக்கு நீங்கள் ஒரு தாலாட்டுப் பாடுங்கள். உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சுடச்சுட எதையாவது சாப்பிடட்டும்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. பார்சல் அனுப்புவதாக இருந்தால் இங்கே வாங்கும் ஸ்வெட்டர் வேண்டாம், அந்தக் குளிருக்கு அது பத்தாது. தேக்காவில் நல்ல அவலாக வாங்கி அனுப்புங்கள். அடுப்பே இல்லாவிட்டாலும் பச்சைத் தண்ணீரில் ஊறிவிடும். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், அமெரிக்கச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். குளிர்ப்பெட்டியை அடிக்கடி திறக்காமல் இருந்தால் கரண்ட் போய் நான்கு மணி நேரம் வரை உள்ளே இருப்பது கெடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

திரும்பி வரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது கேட்காதீர்கள். பயத்தில் கேட்டால் அவளுக்கு அது தன் குடித்தனத்தைக் குறை சொல்வதாகத்தான் படும். மருத்துவர் சரி என்றால், வரும் நவம்பரில் நீங்களும் உங்கள் கணவரும் இரண்டு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வாருங்கள். ஏரி உறைவதற்கு முந்தைய அந்த மாதங்களில்தான் பனி அதிகம். அப்போது துணைக்கு இரண்டு பேர் இருப்பது அவளுக்குப் பெரிய பலம்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அழைக்கும்போது, "அன்றைக்கு அடுப்பைப் பற்றி நான் சொன்னது தப்பும்மா" என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம், கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் பேட்டரி இருக்கிறதா, அந்தக் குழாய்கள் வீட்டின் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கேளுங்கள்.