டிக்கெட் இருக்கிறது, சீட் இல்லையா?

மதுரை வாசகி: சென்னையிலிருந்து டெல்லி போக மகளுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். காலை 9 மணி விமானம், 7.15-க்கெல்லாம் கவுண்டரில் நின்றிருக்கிறாள். "ஃப்ளைட் ஃபுல் மேடம், சாயங்காலம் அனுப்புகிறோம்" என்று சொல்லி ஒரு சாப்பாட்டுக் கூப்பனைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். கன்ஃபர்ம் ஆன டிக்கெட் இருந்தும் இப்படிச் செய்யலாமா? பணம் ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். கேட்காதவர்களை அந்தக் கூப்பனோடு முடித்து அனுப்பிவிடுகிறார்கள், எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் எப்படியும் வர மாட்டார்கள், விமானம் கிளம்பிவிட்டால் அந்தக் காலி சீட்டை அப்புறம் விற்க முடியாது. அதனால் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விற்கிறார்கள். சட்டம் இதைத் தடுக்கவில்லை. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் என்றால் அதை டிக்கெட்டிலேயே அடித்துக் கொடுக்கிறார்கள், நாமும் தெரிந்தே போகிறோம். விமானத்தில் எல்லோருக்கும் கன்ஃபர்ம் என்று சொல்லி முழுப்பணமும் வாங்கிக்கொண்டு, எல்லோரும் வந்து நின்ற பிறகு ஒருவரைப் பார்த்து இடமில்லை என்கிறார்கள். கணக்குப் போட்டது கம்பெனி, தப்பினால் நஷ்டமும் கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், 2010-ல் கொண்டுவந்த விதியும் இதைத்தான் சொல்கிறது. ஆள் கூடிவிட்டால், "யாராவது விருப்பப்பட்டு அடுத்த விமானத்தில் போகிறீர்களா, இன்னது தருகிறோம்" என்று முதலில் கேட்க வேண்டும். யாரும் முன்வராவிட்டால்தான் ஒருவரை மறுக்கலாம். மறுத்தால், பழைய நேரத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் இடம் கொடுத்துவிட்டால் இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டையும் கூட்டி அதைப்போல் இரண்டு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். 24 மணி நேரம் தாண்டினால் நான்கு மடங்கு, 20,000 வரை. மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும், அதோடு அதே நான்கு மடங்கும், 20,000 வரை.

உங்கள் மகளின் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் 4,000, எரிபொருள் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால விமானம் என்பதால் 9,000 ரூபாய் வர வேண்டும். டிக்கெட்டின் மொத்த விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வரியும் விமான நிலையக் கட்டணங்களும் இதில் சேராது.

இன்னொன்று ரொம்ப முக்கியம். மகள் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டாளா என்று கேளுங்கள். "நானே விரும்பி அடுத்த விமானத்துக்கு மாறிக்கொள்கிறேன்" என்று அதில் இருந்தால் இந்த இரண்டு மடங்குக் கணக்கு போய்விடும், அவர்கள் தருவதாக ஒப்புக்கொண்டது மட்டும்தான். அதேபோல, கம்ப்யூட்டரில் "தாமதமாக வந்தார்" என்று பதிவாகிவிட்டாலும் சிக்கல். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் மூடிவிடும், அதற்கு முன் நாம் அங்கே இருந்தோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். கவுண்டர் வரிசையில் நின்றபடி எடுத்த போட்டோ, வீட்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், டாக்ஸி பில் எல்லாம் உதவும். கவுண்டரிலேயே, இடமில்லாததால் ஏற்ற மறுத்தோம் என்று எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கே நின்றபடியே கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள், நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

இது சின்னக் கம்பெனிகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். நேரத்துக்கு வந்தவர்களை ஏற்ற மறுத்து, கட்டாய இழப்பீட்டையும் கொடுக்காததற்காக 2022 ஜூனில் டிஜிசிஏ ஏர் இந்தியாவுக்கே 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

கோவை வாசகர்: அத்தனை பேரில் நம்மை மட்டும் எப்படிப் பிடிக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் கடைசியில் செக்-இன் செய்பவர்தான் மாட்டுகிறார். வெப் செக்-இன் திறந்ததுமே முடித்துவிடுங்கள். சீட் எண் வராமல் விமான நிலையத்தில் ஒதுக்கப்படும் என்று வந்தால், அன்றைக்குச் சீக்கிரமாகவே கிளம்புங்கள்.

திருச்சி வாசகர்: அமெரிக்காவில் ஒரு பயணியைத் தரதரவென்று இழுத்துப்போன வீடியோ பார்த்தோமே, அதற்கப்புறம் ஏதாவது மாறியதா?

பதில்: மாறியது. 2017 ஏப்ரல் 9, சிகாகோவிலிருந்து லூயிவில் போக வேண்டிய யுனைடெட் விமானம். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, கம்பெனி ஊழியர்கள் நான்கு பேருக்கு இடம் வேண்டுமென்று பயணிகளை இறங்கச் சொன்னார்கள். 800 டாலர் வரை தருவதாகச் சொல்லியும் யாரும் அசையவில்லை. அதோடு ஏலத்தை நிறுத்திவிட்டு, அவர்களே நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் 69 வயது மருத்துவர் ஒருவர் மறுத்தபோது, பாதுகாவலர்களைக் கூப்பிட்டு ரத்தம் வழிய இழுத்துப்போனார்கள். தொகையை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் யாராவது எழுந்திருப்பார்கள், ஒரு மனிதரின் பல் உடைந்திருக்காது. அந்த மாதமே யுனைடெட், விரும்பி இடத்தை விட்டுக்கொடுப்பவருக்குத் தரும் தொகையின் உச்சவரம்பை 10,000 டாலராக்கியது. கேட்டில் போர்டிங் பாஸைக் காட்டி ஏறிவிட்டவரை இடமில்லை என்று இறக்கக்கூடாது என்று 2021-ல் விதியும் வந்தது.

விருப்பப்பட்டவரை முதலில் கேட்கும் வழக்கமே அந்த நாட்டில் சண்டை போட்டு வாங்கியதுதான். நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடரை 1972-ல் அலிகேனி ஏர்லைன்ஸ் இப்படி ஏற்றாமல் விட, அவர் வழக்குப் போட்டார், அது 1976-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பணம் கொடுத்து இடத்தைத் திரும்ப வாங்கும் யோசனையைப் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் 1968-லேயே சொல்லியிருந்தார், கம்பெனிகள் காதில் வாங்கவில்லை. 1978-ல்தான் அது விதியானது.

தாம்பரம் வாசகர்: விமானத்தில் ஏற்றாததால் தம்பியின் வேலைக்கான நேர்முகத் தேர்வே போய்விட்டது. 10,000 கொடுத்து முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. விதியில் சொன்ன தொகையோடு பயணியின் உரிமை முடிந்துவிடுவதில்லை, அதற்கு மேல் நஷ்டம் இருந்தால் தனியாகக் கேட்கலாம் என்று 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்று எழுதிய எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், பதில் சரியில்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அதற்கும் மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தம்பி குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு வந்த கடிதத்தைக் கட்டாயம் சேர்த்துவையுங்கள், நஷ்டத்துக்கு அதுதான் சாட்சி.

சேலம் வாசகி: மகன் பாரிஸிலிருந்து சென்னை வரும்போது இப்படி நடந்தால்?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்தக் கம்பெனி விமானமானாலும் அவர்கள் விதிதான். 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் 600 யூரோ, மாற்று விமானம் 4 மணி நேரத் தாமதத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தால் அதைப் பாதியாகக் குறைக்கலாம். பணமாகவே கேட்கச் சொல்லுங்கள், அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர் கொடுக்க முடியும்.